கடல் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

கூம்பு ஸ்பீக்கர் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை. நம் வயதில் சென்னையில் வளர்ந்தவர்கள் யாரும் அதன் கீழே நின்று காதைப் பொத்திக்கொள்ளாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஊமத்தம்பூவைப் பெரிதாகச் செய்து கம்பத்தில் கட்டியது போல இருக்கும். முதலில் ஒரு கீச்சொலி வரும். பிறகு யாரோ மைக்கை ஊதுவார்கள். பிறகு "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்". எங்கள் தெருவில் கோடை தொடங்கியதென்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். வெயிலெல்லாம் மார்ச்சிலேயே வந்துவிடும், அதை யார் கணக்கில் எடுத்தார்கள்.

நாங்கள் பெசன்ட் நகரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய அடுக்குவீட்டின் முதல் மாடியில் இருந்தோம். பால்கனியில் நின்றால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். உப்புக்காற்றில் கம்பிகளின் பெயிண்ட் பொரிந்து உரிந்திருக்கும். பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளங்கையில் துரு ஒட்டும். முகர்ந்தால் ரத்தம் மாதிரி ஒரு வாசனை. தெரு முடியும் இடத்தில் ஒரு மைதானம். பாதி மண், பாதி கடல்மணல். குடியிருப்போர் சங்கம் மே மாதத்தில் அங்கே கோடை விழா நடத்தும். ஒருநாள் பாட்டுக் கச்சேரி, ஒருநாள் நாட்டியம், ஒருநாள் வில்லுப்பாட்டு, கடைசி நாள் மெல்லிசை. முன்னால் ஜமக்காளம், பின்னால் வாடகை இரும்பு நாற்காலிகள். சாயங்காலக் காற்றின் ஈரத்தில் மிருதங்கத்தின் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். வாசிக்கிறவர் பாட்டுக்குப் பாட்டு கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பார். நாட்டியம் ஆடும் அக்காக்கள் மேடையை விட்டு இறங்கும்போது காலில் செம்பஞ்சோடு மணலும் ஒட்டியிருக்கும்.

அந்த விழாவுக்கு அறிவிப்பாளர் என் அப்பா.

வங்கியில் வேலை பார்த்தார். வீட்டில் அதிகம் பேச மாட்டார். ஆனால் மே மாதம் வந்தால் மைக் முன்னால் போய் நிற்பார். எழுதி வைத்துப் படிக்கிற பழக்கம் கிடையாது. பாட வந்தவர்களை மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்து, பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், ஊர்ப்பெயரில் எந்த எழுத்து அழுத்தம் என்று கேட்டுக்கொண்டு வருவார். வயலின்காரரின் ஊரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்கு வில்லே நகராது என்பார். கேமரா படச்சுருள் வருமே, கறுப்பு டப்பா, சாம்பல் மூடி போட்டது. அதில் பனங்கற்கண்டும் மிளகும் வைத்திருப்பார். மேடை ஏறுமுன் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். எனக்கும் ஒன்று தருவார். அந்த டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை வீடு மாறியபோதும் தேடியிருக்கிறேன்.

அம்மா மைதானத்துக்கு வர மாட்டாள். அவர் மேடையில் நிற்பதைப் பார்த்தால் தனக்குக் கை சில்லிட்டுப் போகிறது என்பாள். பால்கனியில் உட்கார்ந்து கேட்பாள். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் ஒரு ஸ்பீக்கரை எங்கள் பால்கனியைப் பார்த்துக் கட்டச் சொன்னது அப்பாதான். விழா முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "எப்படி?" என்று கேட்பார். அம்மா ஒரே ஒரு தப்பு சொல்வாள். ஒரு ளகரம் சரியில்லை, அல்லது ஓரிடத்தில் மூச்சு வாங்கியது. அப்பா தலையாட்டிக்கொண்டு கை கழுவப் போவார். அவ்வளவுதான். அவர்களுக்குள் நான் பார்த்த பேச்சில் இதுதான் அதிகம். வேறு யாருக்கும் இது தெரியாது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், தை மாதத்தில் அப்பா இறந்துபோனார். அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. என்னைப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு தட்டில் பிஸ்கட் கொடுத்தார்கள். தின்றேன். கூட்டிப் போக ஆள் வரும்வரை தின்றுகொண்டிருந்தேன். அன்றைய நாளில் எனக்கு மிச்சம் இருப்பது பிஸ்கட் வாயில் கரைந்த விதம்தான்.

அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பசித்தது, சாப்பிட்டேன். பரீட்சை வந்தது, எழுதினேன். வந்தவர்கள் என்னைப் பார்த்து, பாவம், குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டதால் என் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசினார்கள்.

அத்தை தி. நகரிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். அத்தைமாமாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவள் பேச்சு மாறவில்லை. அப்பாவின் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது அத்தைதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நாட்களில் ஒருவரும் அதை நினைத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவள் வந்தவுடன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள், காரியங்களைக் கவனித்தாள், எனக்குத் தலை பின்னினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளிடம் காப்பியை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்கள்.

அம்மா சொன்னதைச் செய்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். ஆனால் தூங்கவில்லை. எப்போது திரும்பிப் பார்த்தாலும் கண் திறந்தே இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரை அவளை இன்னும் மந்தமாக்கியதே தவிர தூங்க வைக்கவில்லை. கடல் சத்தம்தான் காரணம் என்று அத்தை முடிவு செய்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எங்களைத் தி. நகருக்குக் கூட்டிப்போய் தன் வீட்டு மாடியில் வைத்துக்கொள்வது என்று பேச்சு நடந்தது. அம்மா அதற்கும் சரி என்றாள். எதற்குச் சரி என்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

ஏப்ரல் கடைசியில் சங்கத்தின் செயலாளர் வந்தார். எங்களுக்கு மேல்மாடிக்காரர், மயிலாப்பூரிலிருந்து குடி வந்தவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, இந்த வருஷம் விழாவை நடத்துவதா வேண்டாமா என்று உங்காத்துல கேட்டுண்டு செய்யலாம்னு வந்தேன் என்று அத்தையிடம் மென்று மென்று சொன்னார். அத்தை யோசிக்கவே இல்லை. தாராளமாக நடத்துங்கள், ஆனால் எதிர்க் கம்பத்து ஸ்பீக்கரை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், வருஷம் திரும்பாத வீட்டுக்குள் பாட்டுக்கூத்து கேட்கக் கூடாது, அவள் தாங்க மாட்டாள் என்றாள். அவள் என்றால் அம்மா. அம்மா அப்போது சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

மைக்செட்காரர் ஏணி போட்டு ஏறியபோது நான் பால்கனியில் நின்றேன். வருஷா வருஷம் வருகிறவர். என்னைப் பார்த்துவிட்டு மேலேயே நின்று சொன்னார்: "வூட்ல சொல்லிடு பாப்பா. கடலு பக்கமா திருப்பி வுட்டுர்றேன். சத்தம் உள்ள வராது."

முதல் நாள் சாயங்காலம் அத்தை எல்லா ஜன்னலையும் சாத்தினாள். மே மாதத்துச் சென்னையில், கடல்காற்று வரும் அந்த ஒரு நேரத்தில். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பியது. ஸ்பீக்கர் சத்தம் கடலுக்குப் போய் அங்கிருந்து திரும்பி, சேறு போல வீட்டுக்குள் வந்தது. பேச்சா பாட்டா தெரியாது. மிருதங்கத்தின் அடி மட்டும் சுவரில் தட்டும். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். போய் வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். புகை போவதற்காக மேலே விட்டிருந்த சின்னத் திறப்புக்குக் கீழே, முக்காலியின் மேல் ஏறி, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் வந்த அத்தையும் பார்த்தாள். மறுநாள் பழைய காலண்டர் அட்டையை வெட்டி அந்தத் திறப்பையும் அடைத்துவிட்டாள். சத்தம் அவளைப் படுத்துகிறது, மூச்சு முட்டி அங்கே போய் நிற்கிறாள் என்று போனில் அத்தைமாமாவிடம் சொன்னாள்.

அவள் கெட்டது எதுவும் நினைக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் நான்கு மாதமாக எல்லோரும் எல்லோருக்கும் நல்லதுதான் செய்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கீழ்வீட்டு டீச்சர் வந்தார். அத்தை உள்ளே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் எங்கள் தூக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். வாசலிலேயே நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் விழாவில் அப்பாவைப் பற்றிப் பேசியதைச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்களாம். செயலாளர் பேச முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டாராம். வயலின் வாசித்த பெரியவர் மைக்கைக் கேட்டு வாங்கி வெகுநேரம் பேசினாராம்.

"நீங்க மேலேர்ந்து கேட்டிருப்பீங்கன்னு பேசிக்கிட்டோம்" என்றார் டீச்சர்.

"கேக்கலை" என்றாள் அம்மா. பிறகு, "அவர் என்ன சொன்னார்?" என்றாள்.

டீச்சர் முயன்று பார்த்தார். எத்தனையோ ஊரில் வாசித்திருக்கிறேன், என் ஊரின் பெயரை ஒருவர் இப்படி மெனக்கெட்டுக் கேட்டுக்கொண்டு போனதில்லை என்று ஆரம்பித்தாராம். அதற்கு மேல் டீச்சருக்கு வரவில்லை. "ரொம்ப நல்லா சொன்னார். கேட்டவங்க எல்லாரும் கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க. எனக்குத் திருப்பிச் சொல்ல வரலை" என்றார்.

அந்தப் பேச்சை யாரும் பதிவு செய்யவில்லை. அந்தப் பெரியவரும் சில வருஷத்தில் காலமாகிவிட்டார். அது காற்றோடு கடலுக்குப் போயிற்று.

டீச்சர் போன பிறகு அம்மா தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அதைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள். தையிலிருந்து அவள் தானாகப் படி இறங்கியது அன்றுதான். வெயிலில் கண் கூசியது. தார் ரோடு என் ரப்பர் செருப்பில் ஒட்டி ஒட்டி விட்டது. கையை அழுத்தியெல்லாம் பிடிக்கவில்லை. சாவிக்கொத்தைப் பிடிப்பது போல் பிடித்திருந்தாள்.

மைதானத்தில் மைக்செட்காரர் மேடை நிழலில் உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

"எங்க வீட்டு எதிர்க் கம்பத்துல இருக்கறதை, எங்க பக்கமாத் திருப்பிக் கட்டுங்க" என்றாள் அம்மா.

அவர் எழுந்து நின்றார். "உங்க வூட்லதானம்மா வோணான்னாங்கோ."

"நான் சொல்லலை" என்றாள் அம்மா.

அவர் ஏணியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே நடந்தார்.

ஏணி கம்பத்தில் மோதிய சத்தத்தில் அத்தை விழித்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். நாங்கள் மாடி ஏறி வருவதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது அடுக்குமா, ஒரு வருஷம் பொறுக்க முடியாதா, அவன் போன வீட்டில் பாட்டைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள், பெண்பிள்ளையை வைத்திருக்கிறவளை நாளைக்கு யார் மதிப்பார்கள் என்றெல்லாம் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மதினி, அதை எனக்காகத்தான் அங்க கட்டச் சொன்னாங்க" என்றாள். "நான் இங்கேருந்து கேட்டுத் தப்பு சொல்லணும். வந்து கேப்பாங்க. இப்ப அங்க யாரு பேசுறாங்கன்னுகூட எனக்குத் தெரியலை. அவங்களைப் பத்திப் பேசினப்போ ஊரே கேட்டுருக்கு. நான் கேக்கலை."

தைக்குப் பிறகு அவள் பேசியதில் இதுதான் நீளமானது. அத்தை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஸ்பீக்கர் கீச்சிட்டது. ஊதினார்கள். "ஹலோ, ஹலோ". அம்மா பால்கனித் தரையில் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். காற்று தாராளமாக வந்தது. புது அறிவிப்பாளர் யாரோ கல்லூரிப் பையன். தாளைப் பார்த்துப் படிப்பது அவன் நிறுத்துகிற இடங்களில் தெரிந்தது. வில்லுப்பாட்டுக்காரரை "வல்லியூர்" என்று சொல்லி அறிமுகப்படுத்தினான்.

"வள்ளியூர்" என்றாள் அம்மா. யாரிடமும் இல்லை. கோபமும் இல்லை.

வில்லுப்பாட்டு தொடங்கியது. எங்கள் வீட்டுத் தரையே அதிரும் சத்தம். அம்மாவின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு உடம்பும் சரிந்து, வெறுந்தரையில் கையை மடித்துக் கன்னத்துக்குக் கொடுத்துக்கொண்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது. தூங்குகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அத்தையிடம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். சமையலறையில் இல்லை. குளியலறையில் விளக்கு எரிந்தது, கதவு ஒருக்களித்திருந்தது, தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கோடையில் சென்னையில் தண்ணீர் இருந்த நிலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லாரி வந்தால்தான் தொட்டியில் தண்ணீர். காய்கறி கழுவிய தண்ணீரை வைத்திருந்து வாசல் தெளிப்பவள் அத்தை. அவள் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் இரண்டு காதையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தாள். வாளி நிறைந்து வழிந்து அவள் பாதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

நான் குழாயை மூடினேன். உடனே அந்தப் பையனின் குரல் அறைக்குள் கணீரென்று வந்தது. வில்லுப்பாட்டுக்கு நடுவே நாளைய நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தொறந்து விடுட்டி" என்றாள் அத்தை. கண்ணைத் திறக்கவில்லை. "அது அவன் கொரலு இல்லை."

திறந்துவிட்டேன்.

ஸ்பீக்கரைத் திருப்பச் சொன்னது யாருக்காக என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவால் தாங்க முடியாது என்று மனதார நம்பித்தான் அத்தனை ஜன்னலையும் சாத்தினாள். நான்கு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்துபோனார்கள். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் ஒருவர்கூட நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குப் பத்து வயது. அத்தையும் இப்போது இல்லை.

அன்று நான் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பால்கனியில் வில்லுப்பாட்டும் அம்மாவும். ஒரு பக்கம் குளியலறையில் தண்ணீரும் அத்தையும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. அப்போதும் அழுகை வரவில்லை. பசித்தது. டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றேன்.

மறுநாள் காலை கட்டிடம் முழுக்கத் தண்ணீர் இல்லை. மேல்தொட்டி அடிவரை காய்ந்து கிடந்தது. எல்லோரும் வாளியோடு படிக்கட்டில் நின்றார்கள். பல் தேய்த்த வாயோடு ஒருவர், தலையில் எண்ணெயோடு ஒரு மாமி. யாரோ குழாயைத் திறந்துபோட்டிருக்கிறார்கள், முதல் மாடியிலிருந்துதான் ராத்திரி சத்தம் வந்தது என்று யாரோ சொன்னார்கள். செயலாளர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருக்கே சங்கடமாக இருந்தது. அத்தை ஈரத்தலையை முடிந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நான்தான். குழாயை மூட மறந்து தூங்கிட்டேன்."

அவள் கன்னத்தில் பால்கனித் தரையின் தடம் அப்படியே பதிந்திருந்தது. படிக்கட்டில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அவளுக்கு நிதானமே இல்லை, இப்படியே விடக் கூடாது என்று தலையில் எண்ணெய் வைத்திருந்த மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அத்தை திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

தி. நகர் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. விழா முடிந்த மறுநாள் அத்தை தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தி. நகருக்குத் திரும்பினாள். நாங்கள் நான் கல்லூரி முடிக்கும்வரை அந்த வீட்டிலேயே இருந்தோம்.

ஆனால் அது பிறகு. அன்று காலை தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. எல்லோரும் ஓடினார்கள். அம்மா பெரிய பித்தளை அண்டாவை ஒற்றை ஆளாக வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள். அத்தை போய் அதன் மறுபக்கத்து வளையத்தைப் பிடித்தாள்.

"நேத்துத் தூங்கினியா?" என்றாள்.

"தூங்கினேன் மதினி. நீங்க?"

அண்டாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் படி இறங்கினார்கள். பாதிப் படியில் அத்தை நின்றாள். அண்டாவை அப்படியே கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தை மாதத்திலிருந்து அழாத அழுகையை அழுதாள். கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அம்மா வரிசைக்குப் போகவில்லை. அவளும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.